லிஃப்டுக்கும் மலையேற்றத்துக்கும் ஒரே ஸ்கீ: ஒரு நிகழ்வு ஆய்வு

சறுக்குபவர்களை மேலே ஏற்றிவிடும் லிஃப்ட் ஓடும் பனிச்சரிவுகளில் பல வருடம் சறுக்கிப் பழகிய ஒருவர், லிஃப்ட் இல்லாத மலைகளிலும் சொந்தக் காலால் ஏறி இறங்க ஆசைப்பட்டார். இரண்டுக்கும் பொருந்தும்படி ஒரே ஜோடி ஸ்கீயும் (பனிச்சறுக்குப் பலகை), பூட்டை அதோடு பிடித்திருக்கும் ஒரே பைண்டிங்கும் வேண்டும் என்று கேட்டு வந்தார். ஒரு இலையுதிர்காலத்தில் தொடங்கி அடுத்த இலையுதிர்காலம் வரை நடந்ததை இங்கே வரிசையாகப் பதிவு செய்கிறேன். பூட் பொருத்துவதும் பைண்டிங் அமைப்பதும் என் தொழில். அவருடைய சாதனங்களை அமைத்ததும் பிறகு சோதித்துப் பார்த்ததும் நான்தான். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். வாங்கிய சாதனங்களின் பிராண்டைச் சொல்லவில்லை, அது இந்த விஷயத்துக்குத் தேவையும் இல்லை.

பின்னணி

வயது நாற்பதைத் தாண்டியவர். எடை 74 கிலோ, உயரம் 172 செ.மீ. வேகமாகச் சறுக்குவார், செங்குத்தான சரிவுகளுக்குத் தயங்காமல் போவார், விழவும் செய்வார். முந்தைய குளிர்காலத்தில் பனிச்சரிவுப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருந்தார். தேடு கருவி, மண்வாரி, துழாவு கம்பி மூன்றும் சொந்தமாக வைத்திருந்தார். அந்த வரிசையில் அவர் தொடங்கியது எனக்குப் பிடித்திருந்தது. ஸ்கீயை முதலில் வாங்கிவிட்டுப் பயிற்சியை 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடுபவர்கள்தான் அதிகம்.

அவரிடம் அப்போது இருந்தது முழுக்க ரிசார்ட்டுக்கான செட்: நடுவில் 84 மி.மீ. அகலமுள்ள ஸ்கீ, லிஃப்ட் சரிவுகளுக்கான வழக்கமான ஆல்பைன் பைண்டிங், நடை வசதி இல்லாத நான்கு கொக்கி பூட். மலையேற்றத்துக்கு வாடகைக்கு எடுத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஒரே செட் வாங்குவது அவருடைய திட்டம்.

கையில் ஒரு பட்டியலும் இருந்தது. அவரை மலைக்கு அழைத்துப் போகும் நண்பர் எழுதிக் கொடுத்தது: 1,250 கிராம் ஸ்கீ, 350 கிராம் பின் (pin, அதாவது ஊசி) பைண்டிங், எடை குறைந்த இரண்டு கொக்கி பூட். ஏறும்போது ஒவ்வொரு கிராமும் தெரியும் என்பது நண்பரின் வாதம். நண்பருக்கு அது முழுக்கச் சரி. ஆனால் அவர் லிஃப்ட் பக்கமே போகாதவர்.

கவனித்தவை

எத்தனை நாள் லிஃப்டில், எத்தனை நாள் மலையில் என்று கேட்டேன். 'பாதிக்குப் பாதி' என்றார். இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய எல்லோரும் தரும் பதில் அதுதான். அது நடந்ததைச் சொல்வதில்லை, ஆசையைச் சொல்கிறது. அதனால் கைப்பேசியில் இருக்கும் பதிவுகளையும் லிஃப்ட் சீட்டுக் கணக்கையும் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். முந்தைய குளிர்காலத்தில் நாலில் மூன்று பங்கு லிஃப்டில்தான் கழிந்திருந்தது. வரப்போகும் வருடத்துக்கு, வார இறுதியில் குழந்தைகளோடு ரிசார்ட்டுக்குப் போவதையும் சேர்த்து நிதானமாகக் கணக்குப் போட்டபோது, மூன்றில் இரண்டு பங்கு லிஃப்ட் என்று வந்தது. மலை நாட்களும் பெரும்பாலும் 600 முதல் 900 மீட்டர் வரையிலான ஏற்றங்கள். வசந்தத்தில் மட்டும் 1,500 மீட்டர் ஏறும் நீண்ட பயணங்களுக்கு ஆசை வைத்திருந்தார்.

அடுத்து பூட். உள்லைனரைக் கழற்றிவிட்டு, வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல் நுனி முன்சுவரைத் தொடும்படி நிற்கச் சொன்னேன். குதிகாலுக்குப் பின்னால் 30 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தது. அவர் சறுக்கும் விதத்துக்கு 15 முதல் 20 மி.மீ. போதும். பூட் ஒரு அளவு பெரியது. அதைச் சமாளிக்கத்தான் கொக்கிகளை இறுக்கி இறுக்கிப் பழகியிருந்தார். குதிகால் தூக்கும் பூட்டோடு ஆயிரம் மீட்டர் ஏறினால் பாதி வழியிலேயே கொப்புளம் வந்துவிடும். இறங்கும்போது ஸ்கீயும் சொன்ன பேச்சைக் கேட்காது.

அவர் கேட்ட ஒரு கேள்வியையும் இங்கே குறிப்பிட வேண்டும். எந்த பைண்டிங் முழங்காலைக் காப்பாற்றும் என்று கேட்டார். பைண்டிங்கின் விடுவிப்பு முறை வளர்ந்ததே கீழ்க்காலின் எலும்பு முறிவைத் தவிர்க்கத்தான். அதில் அது நன்றாகவே வேலை செய்கிறது. முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் கிழிவதை எந்த பைண்டிங்கும் உறுதியாகத் தடுக்காது. இதை ஒளிக்காமல் சொன்னேன்.

பரிசீலித்த வழிகள்

பின் பைண்டிங் என்பது ஆஸ்திரியரான ஃபிரிட்ஸ் பார்த்தெல் 1980-களில் உருவாக்கிய அமைப்பு. பூட்டின் முன்னால் இருபுறமும் உலோகக் குழிகள் இருக்கும். பைண்டிங்கின் இரண்டு ஊசிகள் அவற்றில் கவ்விக்கொள்ளும். ஏறும்போது குதிகால் விடுபட்டு, பூட் அந்த ஊசிகளில் சுழலும். இறங்கும்போது பின்னால் இன்னும் இரண்டு ஊசிகள் குதிகாலைப் பிடிக்கும். இதைவிட எடை குறைவாக வேறொன்றைச் செய்வது கடினம். ஆனால் பெரும்பாலான பின் பைண்டிங்குகளில் பக்கவாட்டு விடுவிப்பு குதிகால் பகுதியில்தான் நடக்கிறது. முன்பகுதிக்கு, அடி வாங்கி நகர்ந்து மறுபடி நடுவுக்குத் திரும்பும் மீள்திறன் குறைவு. உலோகம் உலோகத்தைப் பிடித்திருப்பதால் கெட்டிப் பனியின் அதிர்வு நேராகக் காலுக்கு வரும். ஒரு நாளைக்கு ஒரு முறை, மென்மையான பனியில் இறங்குபவருக்கு இது பெரிய குறையில்லை. லிஃப்டில் நாள் முழுக்க, சுரண்டிக் கிடக்கும் சரிவில் மறுபடி மறுபடி இறங்குபவருக்கு நிலைமை வேறு.

முழு பைண்டிங்கும் ஒரு சட்டத்தின் மேல் இருக்கும் ஃபிரேம் பைண்டிங்கை உடனே ஒதுக்கினோம். ஒவ்வொரு அடிக்கும் முழு சட்டத்தையும் தூக்க வேண்டும், எடையும் பெரும்பாலும் ஒரு கிலோவைத் தாண்டும்.

முன்பகுதியில் ஊசிகள், குதிகால் பக்கம் ஆல்பைன் மாதிரி பிடி என்று ஒரு நடுவகை உண்டு. மார்க்கர் கிங்பின், ஃபிரிட்ஷி டெக்டன் போன்றவை இந்த இனம். ஏறக்குறைய 600 முதல் 750 கிராம். அவர் மனம் முதலில் இதன் பக்கம்தான் சாய்ந்தது.

கடைசியாகக் கலப்பு பைண்டிங். 2018-க்குப் பிறகு பரவலான வகை இது. ஏறும்போது முன்பகுதியில் ஊசிகள் வெளியே வரும். இறங்கும்போது அதே முன்பகுதி முழு ஆல்பைன் பிடியாக மாறி, ஆல்பைன் பைண்டிங்குக்கான ஐ.எஸ்.ஓ. 9462 தரத்தின்படி விடுவிக்கும். நாங்கள் பார்த்தது 900 கிராம் அளவில் இருந்தது.

மீதி மூன்று வகையையும் தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தோம். நண்பரின் பட்டியல்படி ஒரு காலுக்கு 1,600 கிராம். 1,650 கிராம் எடையுள்ள நடுத்தர ஸ்கீயில் கலப்பு பைண்டிங் போட்டால் 2,550 கிராம். வித்தியாசம் 950 கிராம். கிட்டத்தட்ட ஒரு கிலோ, அலட்சியப்படுத்தக்கூடியது இல்லை. ஆனால் அந்த 950-இல் 400 கிராம் ஸ்கீயிலிருந்து வருகிறது. நடுவகை பைண்டிங்கைப் போட்டால் 2,350 கிராம், அதாவது கலப்பைவிட 200 கிராம்தான் மிச்சம். அந்த 200 கிராமுக்காக விட்டுக்கொடுப்பது முன்பகுதியின் முழு ஆல்பைன் பிடியை. கூட்டல் கணக்கு இப்படி வந்தபின் நடுவகை மீதிருந்த ஆசை அவருக்குத் தானாகவே குறைந்தது.

எடைக் கணக்கில் இன்னொன்றும் சேர்க்க வேண்டும். காலில் சுமக்கும் எடை முதுகில் சுமப்பதைவிடப் பல மடங்கு களைப்பாக்கும் என்று சொல்வது பூட்டுக்கு நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் பூட்டை ஒவ்வொரு அடிக்கும் தூக்குகிறோம். சரியான நடையில் ஸ்கீயைத் தூக்குவதில்லை, பனியின் மேல் தள்ளுகிறோம். கிக் டர்ன் போடும்போதுதான், அதாவது ஏற்றத்தில் ஸ்கீயை ஒவ்வொன்றாகத் தூக்கித் திரும்பும்போதுதான், அதன் முழு எடையும் தெரியும். அதனால் எடை குறைக்க இருக்கும் பணத்தை முதலில் பூட்டில் போடுவது புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

பழைய ஸ்கீயை லிஃப்டுக்கு வைத்துக்கொண்டு, எடை குறைந்த இரண்டாவது செட் வாங்கினால் என்ன என்றும் யோசித்தோம். இரண்டு தடைகள் இருந்தன. பழைய பூட் எப்படியும் போக வேண்டியது. வளைந்த ரப்பர் சோலோடு வரும் புதிய பூட், பழைய ஆல்பைன் பைண்டிங்கில் பாதுகாப்பாகப் பொருந்தாது. அந்த பைண்டிங் ஐ.எஸ்.ஓ. 5355 தரத்துத் தட்டையான சோலுக்கு மட்டுமே ஆனது. மிதித்தால் 'கிளிக்' என்று உட்காரும், ஆனால் விடுவிக்க வேண்டிய நேரத்தில் விடுவிக்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சோதனையும் முடிவும்

முதலில் பூட் வாங்கினார். ஓட்டுக்குள் 17 மி.மீ. இடைவெளி, 120 ஃபிளெக்ஸ் (பூட்டின் விறைப்பைக் குறிக்கும் எண்), நல்ல நடை வசதி, நடப்பதற்கு வளைந்த ரப்பரால் ஆன கிரிப்வாக் சோல், முன்பக்கமும் குதிகாலிலும் ஊசிகளுக்கான குழிகள். எடை ஒன்றுக்கு 1,600 கிராம் அளவில். நண்பரின் பட்டியலில் இருந்த பூட்டைவிட இது கனம், ஆனால் அவர் வேகத்துக்கு அந்தப் பூட் தாங்காது. லைனரைச் சூடாக்கி வார்த்து, கணுக்கால் எலும்பு உரசும் இடத்தில் ஓட்டுப் பகுதியைச் சற்று வெளியே தள்ளிக் கொடுத்தேன்.

பூட் கைக்கு வந்த பிறகே ஸ்கீ சோதனை. முதலில் நண்பரின் பட்டியலுக்கு நெருக்கமான எடை குறைந்த செட்டைக் கொடுத்தேன். இரவில் உறைந்து காலையில் கல்லாக இருக்கும் ரிசார்ட் சரிவில் பயன்படுத்தச் சொன்னேன். திரும்பி வந்து அவர் சொன்னதுதான் இந்த நிகழ்வின் திருப்பம். மேடுபள்ளமான இடத்தில் முன்பகுதி ஒருமுறை கழன்றுகொண்டதாம். அடுத்த முறை இறங்கும்போது பயத்தில் முன்பக்க நெம்புகோலை நடைநிலைக்குப் பூட்டிவிட்டுச் சறுக்கினாராம். அந்தப் பூட்டு ஏறும்போது பூட் கழன்றுவிடாமல் இருப்பதற்கானது. பூட்டிய நிலையில் இறங்கினால் விழும்போது ஸ்கீ காலை விடாது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அவருக்கு அது தெரியும். தெரிந்தும் செய்திருக்கிறார். அவர் சறுக்கும் விதமும் அந்த பைண்டிங்கும் சேர்ந்தால் இப்படித்தான் நடக்கும் என்று அதிலேயே புரிந்துவிட்டது.

கலப்பு பைண்டிங் போட்ட சோதனை ஸ்கீயோடு நண்பர்களுடன் ஒரு சிறிய மலைக்கும் போய் வந்தார். கொஞ்சம் பின்தங்கினார், ஆனால் யாரும் குளிரில் காத்து நிற்கும் அளவுக்கு இல்லை.

முடிவு: நடுவில் 98 மி.மீ. அகலம், 178 செ.மீ. நீளம், மர உட்கருவும் காலடியில் மட்டும் உலோகத் தகடும் கொண்ட 1,650 கிராம் ஸ்கீ. அதில் கலப்பு பைண்டிங். 105 மி.மீ. ஸ்கீயையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஆழமான புதுப்பனியில் அது மிதக்கும்தான். ஆனால் அவருடைய நாட்களில் பெரும்பகுதி கெட்டிப் பனி, அங்கே அகலம் கூடக் கூட விளிம்பில் நிற்க முழங்கால் உழைக்க வேண்டும். ஏறும்போது பின்னோக்கி வழுக்காமலிருக்க ஸ்கீயின் அடியில் ஒட்டும் பட்டைதான் ஸ்கின். அகல ஸ்கீக்கு அகல ஸ்கின், அதாவது கூடுதல் எடை, கூடுதல் உரசல்.

பொருத்துதல்

துளையிடும் இடத்தைக் காட்டும் ஜிக் வைத்து, பூட்டின் நடுக்கோடு ஸ்கீயின் நடுக்கோட்டில் விழும்படி துளையிட்டேன். காலடியில் உலோகத் தகடு இருந்ததால் 4.1 மி.மீ. பிட். உலோகம் இல்லாத ஸ்கீக்கு 3.5 அல்லது 3.6. கழன்ற ஸ்கீ ஓடிவிடாமல் நிறுத்தும் பிரேக் 100 மி.மீ.

எவ்வளவு விசையில் பைண்டிங் பூட்டை விட வேண்டும் என்பதைக் குறிப்பது டின் எண். அதை எடை, உயரம், வயது, சோலின் நீளம், சறுக்கும் பாணி ஐந்தையும் வைத்து ஐ.எஸ்.ஓ. 11088 அட்டவணைப்படி கணக்கிட்டோம். 6-க்கும் 7-க்கும் இடையில் வந்தது. இங்கே ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. கலப்பு பைண்டிங்குகளில் சில மாடல்கள் 6-இல்தான் தொடங்குகின்றன. அவருக்கு அது அளவுகோலின் அடிமட்டம். அதனால் 4-இல் தொடங்கி 10-இல் முடியும் மாடலைத் தேர்ந்தோம். கடையில் பெரிய எண் உள்ளதைத்தான் 'வலுவானது' என்று எடுக்கிறார்கள். உங்கள் எண் அளவுகோலின் நடுப்பகுதியில் விழுவதுதான் முக்கியம்.

முன்சோல் அமரும் நழுவு தகட்டின் உயரத்தைத் திருகி, சோலுக்கும் தகட்டுக்கும் நடுவே வைத்த தாள் உரசலோடு இழுபடும்படி அமைத்தேன். குதிகால் பகுதி பூட்டை முன்னோக்கி எவ்வளவு அழுத்துகிறது என்பதைக் காட்டும் முன்னழுத்தக் குறியைச் சரிபார்த்தேன். பிறகு கருவியில் வைத்து விடுவிப்பு விசையை அளந்தேன். எல்லா எண்களும் ஒரு அட்டையில் எழுதி அவரிடம் கொடுக்கப்பட்டன.

பிறகு நடந்தது

குளிர்காலத்தின் முதல் பாதியில் லிஃப்ட் நாட்கள் அவர் எதிர்பார்த்ததைவிட நன்றாகப் போயின. பழைய கனமான ஸ்கீயின் அமைதி இதில் இல்லை, கலைந்த பனியில் முனை சற்றே தட்டும். ஆனால் சரியான அளவு பூட் அந்தக் குறையை ஈடுகட்டியது. வேகத்தில் முன்பக்கமாக விழுந்தபோது ஸ்கீ காலை விட்டது, காயம் இல்லை.

ஏற்றத்தில் எரிச்சல்கள் இருந்தன. முன்பகுதிக்கு அடியில் பனி அடைத்துக்கொண்டால் நிலை மாற்றும் நெம்புகோல் முழுதாக விழாது. கம்பு முனையால் சுரண்டி எடுக்க வேண்டும். நடைநிலையில் மேலே மடங்கியிருக்க வேண்டிய பிரேக் ஈரப்பனியில் சிலசமயம் விடுபட்டு இழுபட்டது. செங்குத்தாக ஏறும்போது குதிகாலைத் தாங்கும் உயர்த்தி ஒரே ஒரு படிதான், அதுவும் தாழ்வானது. நண்பர்கள் செங்குத்தாக வெட்டிய தடத்தில் அவருக்குக் கெண்டைக்கால் கடுத்தது. உச்சியில் நிலை மாற்றவும் அவருக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. பின் பைண்டிங்கில் பழகியவர்கள் இதையெல்லாம் பொறுக்க மாட்டார்கள். அவர் பொறுத்துக்கொண்டார்.

நடுக்குளிர்காலத்தில்தான் நிஜமான பிரச்சினை வந்தது. சாதாரணத் திருப்பத்தில், விழாமலேயே, ஒரு ஸ்கீ கழன்றது. அதே நாளில் மறுபடியும். கூட இருந்தவர்கள் டின் எண்ணை ஒன்று கூட்டிவிடு என்றார்கள், திருப்புளி எடுக்கவும் தயாராக இருந்தார்கள். நல்லவேளையாக அவர் தொடாமல் என்னிடம் கொண்டுவந்தார்.

கருவியில் வைத்தபோது விடுவிப்பு விசை அட்டையில் எழுதியபடியே இருந்தது. தாளை வைத்துப் பார்த்தேன், உரசலே இல்லாமல் வந்தது. பூட்டைத் திருப்பினால் காரணம் தெரிந்தது. ஸ்கீயைத் தோளில் வைத்துக்கொண்டு பாறை மேட்டிலும் வாகன நிறுத்தத்தின் தாரிலும் நடந்து நடந்து சோலின் முன்பகுதி தேய்ந்திருந்தது. சோல் மெலிந்ததால் தகட்டுக்கும் அதற்கும் இடைவெளி விழுந்து, பூட் முனை மேலும் கீழும் ஆடியிருக்கிறது. அந்த ஆட்டத்தில் அதிர்வு வந்தால் பிடி வழுக்கும். தகட்டை உயர்த்தி, மறுபடி அளந்து கொடுத்தேன். டின் எண் மாறவில்லை. அந்தப் பருவம் முடியும்வரை காரணமில்லாமல் கழலவில்லை. எண்ணைக் கூட்டியிருந்தால் ஆட்டம் அப்படியே இருந்திருக்கும். விழும்போது விட வேண்டிய ஸ்கீ மட்டும் விடாமல் போயிருக்கும்.

வசந்தத்தில் 1,500 மீட்டர் ஏற்றம் ஒன்றுக்குப் போனார். போனார், இறங்கினார், ஆனால் கடைசி 400 மீட்டர் கால் கெஞ்சியது என்றார். அடுத்த நீண்ட பயணத்தைத் தவிர்த்துவிட்டார். அந்த ஒரு வகை நாளுக்கு இந்த செட் கனம்தான், அதை மறைக்க வழியில்லை.

அடுத்த இலையுதிர்காலத்தில் மறுபடி உட்கார்ந்து பேசினோம். ஒரே ஸ்கீயில் திருகாணி மாட்டிக் கழற்றத் தோதான திருகுமறை பதித்து, பருவத்துக்கு ஏற்ப பைண்டிங்கை மாற்றிப் போடலாமா என்று கேட்டார். செய்யலாம்தான். ஆனால் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் முன்னழுத்தமும் தகட்டு உயரமும் மறுபடி பார்க்கப்பட வேண்டும். குழந்தைகளோடு அதிகாலையில் கிளம்பும் ஒருவர் அதைத் தவறாமல் செய்வார் என்று நான் நம்பவில்லை, அவரும் நம்பவில்லை. கலப்பு பைண்டிங் செட்டை அப்படியே வைத்துக்கொண்டு, வசந்தத்துக்கு மட்டும் 85 மி.மீ. அகலமுள்ள எடை குறைந்த ஸ்கீயும் பின் பைண்டிங்கும் பயன்படுத்தப்பட்ட நிலையில் வாங்கினார். பூட் ஏற்கெனவே பின் குழி உள்ளது என்பதால் அதைப் புதிதாக வாங்க வேண்டியிருக்கவில்லை. அந்த எடை குறைந்த செட்டோடு லிஃப்ட் ஏறுவதில்லை என்று அவரே முடிவு செய்துகொண்டார்.

இனி மாறுபவை

லிஃப்டும் மலையும் கலந்து செல்பவர்களுக்கு, பருவத்தின் நடுவில் ஒருமுறை கட்டாயம் சோதனை என்று இப்போது முன்கூட்டியே நாள் குறித்துக் கொடுக்கிறேன். தாள் சோதனையை அவர்களே செய்யக் கற்றுக்கொடுக்கிறேன், ஒரு நிமிட வேலைதான். பாறையிலும் தாரிலும் நடக்க வேண்டியிருந்தால் சோலின் மேல் மாட்டும் ரப்பர் உறை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பிரேக்கைக் கட்ட ஒரு ரப்பர் பட்டை எப்போதும் பையில் இருக்கட்டும்.

நீளத்தையும் மறுபடி யோசிப்பேன். 178-க்குப் பதில் 172 என்றால் கிக் டர்ன் எளிதாகியிருக்கும். லிஃப்டில் அவர் இழந்திருப்பது சொற்பம். ஸ்கின்னில் முழு நைலான் எடுத்திருந்தார், பிடிப்பு அருமை, ஆனால் முன்னோக்கி வழுக்கிச் செல்வது குறைவு. நைலானும் மோஹேரும் (ஆட்டு ரோமம்) கலந்தது அவருடைய மிதமான ஏற்றங்களுக்குப் போதும். பழையது தேய்ந்ததும் அதைத்தான் வாங்கப் போகிறார், விளிம்பு இருபுறமும் சுமார் 2 மி.மீ. தெரியும்படி வெட்டி.

பூட்டை முதலில், ஸ்கீயைப் பிறகு என்ற வரிசையையும், காலையில் கல்லாக உறைந்திருக்கும் பனியில் சோதிக்கச் சொல்வதையும் மாற்ற மாட்டேன்.